மணிக்கு ஓர் அட்டை

மழையில் வந்த குட்டி

திருவனந்தபுரத்தில் ஆரியசாலை என்று ஓர் இடம் உண்டு. பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. அரிசி, பருப்பு, மிளகாய், வெல்லம் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பல கடைகளில் தமிழ் கேட்கும். தெருவில் மலையாளம் கேட்கும். இரண்டும் கலந்தும் கேட்கும்.

ஆரியசாலையில் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு சிறிய வீடு. அந்த வீட்டில் நான்கு பேர். அப்பா கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஒரு மளிகைக் கடையில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறார். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். மகன் நான்காம் வகுப்புப் படிக்கிறான்.

அம்மா சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றார். வீட்டுச் சுவரில் ஒரு தமிழ் நாள்காட்டி தொங்குகிறது. அதைத் தினமும் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

அது ஆனி மாதம். மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் மாலை மகன் நனைந்துகொண்டே வந்தான். அவன் சட்டைக்குள் ஏதோ அசைந்தது.

“என்ன அது?” என்று அம்மா கேட்டார்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி எட்டிப் பார்த்தது. செம்மண் நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. குளிரில் நடுங்கியது.

“லாரிக்கு அடியில் கிடந்தது அம்மா. தாய் நாயைக் காணோம். நாம் வளர்ப்போமா?”

“நமக்கே படுக்க இடம் இல்லை. நாய்க்கு எங்கே போவது?” என்றார் அம்மா.

அப்பா யோசித்தார். பிறகு சொன்னார்:

“வளர்க்கலாம். ஆனால் நாய் 10 ஆண்டு, 15 ஆண்டு கூட உயிரோடு இருக்கும். நாலு நாள் ஆசைக்கு வளர்த்துவிட்டுத் தெருவில் விடக்கூடாது. தினமும் சோறு யார் வைப்பது? வெளியே யார் கூட்டிப் போவது? ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டு போவது? இதற்குப் பதில் சொல்லுங்கள்.”

“சோறு நான் வைக்கிறேன்” என்றாள் மகள்.

“வெளியே நான் கூட்டிப் போகிறேன்” என்றான் மகன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு பழைய சேலைத் துணியை எடுத்தார். குட்டியைத் துடைத்தார்.

குட்டிக்கு மணி என்று பெயர் வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை

மணி வந்து நான்கு நாள் ஆயிற்று. அன்று திங்கட்கிழமை. மகன் பள்ளிக்குப் புறப்பட்டான். ஒரு செருப்பைக் காணோம். அது மணியின் வாயில் இருந்தது.

மகன் செருப்பைப் பிடித்து இழுத்தான். மணியும் இழுத்தது. மகன் அதன் வாய்க்குள் விரலை விட்டான். மணி கடித்துவிட்டது. விரலில் இரத்தம் வந்தது.

அழுகை கேட்டு அடுத்த வீட்டு ஆச்சி ஓடி வந்தார்.

“ஏம்மா, மிளகாய்ப் பொடி இருக்கா? எடுத்துக் கடிவாயில் வை. இல்லாவிட்டால் சுண்ணாம்பு தடவு. விஷம் இறங்கிவிடும்.”

அம்மா அடுக்களைக்குப் போனார். மிளகாய்ப் பொடி டப்பாவைக் கையில் எடுத்தார். அதற்குள் மகள் தடுத்தாள்.

“அம்மா, வேண்டாம்! எங்கள் பள்ளியில் சொன்னார்கள். மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.”

மகள் தம்பியைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். குழாயைத் திறந்தாள். ஓடும் தண்ணீரில் விரலைப் பிடித்தாள். சோப்புப் போட்டாள். கழுவினாள். மறுபடியும் சோப்புப் போட்டாள். 15 நிமிடம் கழுவினாள். வானொலியில் மூன்று, நான்கு பாட்டு ஓடும் நேரம் அது.

“சின்னக் குட்டிதானே மக்ளே? பால் பல் பட்டதற்கு இத்தனை பாடா?” என்றார் ஆச்சி.

“குட்டிக்கும் வெறிநோய் வரும் ஆச்சி. அதற்கு இன்னும் ஊசி போடவில்லை” என்றாள் மகள்.

அப்பாவுக்கு அன்று மூட்டை இறக்கும் வேலை இருந்தது. போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறினார்.

“கூலி நாளைக்கும் வரும். வாடா, போவோம்” என்றார். மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அம்மாவும் கூடப் போனார்.

டாக்டர் விரலைப் பார்த்தார். “கழுவினீர்களா?” என்று கேட்டார்.

“மகள் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள்” என்றார் அம்மா.

“மிக நல்ல காரியம். பாதி வைத்தியம் வீட்டிலேயே முடிந்துவிட்டது” என்றார் டாக்டர். பிறகு அவர் விளக்கமாகச் சொன்னார்:

“வெறிநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. அது கண்ணுக்குத் தெரியாது. நோய் கண்ட மிருகத்தின் எச்சிலில் இருக்கும். கடித்தால் காயத்தின் வழியாக உள்ளே போகும். நகக் கீறல் வழியாகவும் போகலாம். காயத்தை நக்கினாலும் போகலாம். நாய் மட்டும் அல்ல, பூனை கடித்தாலும் கவனம் வேண்டும். அந்தக் கிருமியின் மேல் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைக்கும். கிருமி அழியும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் புண்ணைத்தான் பெரிதாக்கும். கழுவும் நேரமும் வீணாகும்.”

“குட்டி நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டர்?” என்று அப்பா கேட்டார்.

“இருக்கட்டும். ஆனால் அதற்காக நாம் காத்திருக்கக்கூடாது. உள்ளே போன கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்குப் போகும். பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு முன்னாலும் வரும். பின்னாலும் வரும். மூளைக்குப் போய் நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன்பு ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வீட்டுக் குட்டிதானே என்று சும்மா இருந்து உயிரை விட்டவர்கள் உண்டு.”

அப்பா மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவீர்களா?” என்று மகன் பயந்து கேட்டான். ஆச்சி அப்படிச் சொல்லியிருந்தார்.

டாக்டர் சிரித்தார். “அது பழைய காலம். அந்த ஊசியை நம் நாட்டில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் ஊசி. அதுவும் தோலுக்குள் சிறிதளவு.”

இரத்தம் வந்த காயம் ஆனதால் விரலில் காயத்தைச் சுற்றி ஒரு மருந்து போட்டார்கள். அது கிருமியை அந்த இடத்திலேயே தடுக்கும். பிறகு இரண்டு கைகளிலும் தடுப்பூசி போட்டார்கள்.

“இன்று முதல் ஊசி. இன்றிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் வர வேண்டும். ஒன்றைக்கூட விடக்கூடாது. குட்டியை 10 நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள். அது நோயுற்றாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ உடனே வந்து சொல்லுங்கள்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நாள்காட்டியை எடுத்தார். விரல் விட்டு எண்ணினார். முதல் ஊசி திங்கள். 3-ஆம் நாள் வியாழன். 7-ஆம் நாள் அடுத்த திங்கள். 28-ஆம் நாளும் ஒரு திங்கள். மூன்று நாள்களையும் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். பக்கத்தில் ‘ஊசி’ என்று எழுதினார். அம்மா தன் தேவைக்காக எழுதிய முதல் சொல் அதுதான்.

மணியின் அட்டை

10 நாள் கழிந்தது. மணி நன்றாகச் சாப்பிட்டது. ஓடி ஆடியது. மகனுக்கும் விரல் ஆறிவிட்டது. அம்மா வட்டம் போட்ட நாள்களில் ஊசியும் தவறவில்லை.

அடுத்து மணியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா மணியின் பல்லைப் பார்த்தார்.

“குட்டிக்கு ஏறக்குறைய 2 மாதம் இருக்கும். நல்ல நாட்டு நாய்” என்றார்.

“சாதி நாய் இல்லையே என்று பக்கத்தில் கேலி செய்கிறார்கள்” என்றாள் மகள்.

“கேலி செய்யட்டும். நாட்டு நாய் நம் வெயிலையும் மழையையும் தாங்கும். குளிர் நாட்டு நாய்க்கு அடர்ந்த முடி. அது இங்கே வெயிலில் தவிக்கும். நம் பக்கத்து நாய்களுக்கும் பெருமை உண்டு. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று தமிழ்நாட்டில் பெயர் பெற்ற நாய் வகைகள் இருக்கின்றன. 2005-இல் இராசபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது.”

டாக்டரம்மா முதலில் பூச்சி மருந்து கொடுத்தார். குட்டிகளின் வயிற்றில் புழு இருக்கும். அதனால் வயிறு உப்பும். உடல் தேறாது. அந்தப் புழுவின் முட்டை நாயின் மலத்தில் இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் அதனால் நோய் வரும். ஆகவே டாக்டர் சொல்லும் கணக்கில் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும்.

பிறகு ஒரு தடுப்பூசி போட்டார். அது வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கொண்டுவரும் நோய்களைத் தடுக்கும். எலிக்காய்ச்சலையும் தடுக்கும்.

“உங்கள் பக்கத்தில் கிட்டங்கிகள் அதிகம். எலியும் அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும். மனிதருக்கும் வரும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்” என்றார் டாக்டரம்மா.

“வெறிநோய் ஊசி?” என்று அம்மா கேட்டார்.

“குட்டிக்கு 3 மாதம் ஆனதும் போட வேண்டும். நான் சொல்லும் நாளில் இன்னொரு முறை போட வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. மறக்காமல் இருக்க இதோ ஓர் அட்டை.”

அட்டையில் மூன்று கட்டங்கள் இருந்தன. மருந்தின் பெயர் ஒரு கட்டம். போட்ட நாள் ஒரு கட்டம். அடுத்து வர வேண்டிய நாள் ஒரு கட்டம். அச்சு ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதினாள். அம்மா அதைப் படித்துப் பார்த்தார். நாள்காட்டிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

நகரத்தில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். அதற்கு வெறிநோய் ஊசி போட்ட சான்று வேண்டும். மணிக்கு அந்த ஊசி போட்டதும் அப்பா அட்டையைக் கொண்டு போய் உரிமத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

என்ன கொடுக்கலாம்?

மணிக்கு உணவு கொடுப்பது மகளின் வேலை. குட்டியின் வயிறு சிறியது. ஆகவே நாளுக்கு மூன்று, நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். 6 மாதத்துக்குப் பிறகு இரண்டு முறை போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

சோறு மட்டும் போதாது. வேகவைத்த மீனை முள் நீக்கிக் கலந்தாள். சில நாள் வேகவைத்த முட்டை. சில நாள் இறைச்சித் துண்டு. பூசணி, கேரட் வேகவைத்துச் சேர்த்தாள். உப்பும் காரமும் போடவில்லை.

சில பொருள்கள் நாய்க்கு ஆகா. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே மிச்சக் குழம்பை ஊற்றக்கூடாது. சாக்லேட் நஞ்சு. திராட்சையும் ஆகாது. வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடையும். அது குடலைக் கிழிக்கும். நாம் சாப்பிடும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக்கூடாது.

சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஆகவே வெயிலில் கட்டக்கூடாது. நிழலில் கட்ட வேண்டும்.

மகள் தினமும் மணியின் காதையும் கால் விரல் இடுக்கையும் பார்ப்பாள். உண்ணி இருந்தால் எடுப்பாள். அதிகம் இருந்தால் டாக்டரிடம் மருந்து கேட்பாள்.

இரி, வா, வேண்டாம்

மணியைப் பழக்குவது மகனின் வேலை. முதலில் ஒன்றும் நடக்கவில்லை.

மகன் “சிட்” என்பான். அம்மா “உட்கார்” என்பார். அப்பா “இரி” என்பார். மணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவிடும்.

அடுத்த முறை போனபோது மகன் டாக்டரம்மாவிடம் சொன்னான்:

“இது மக்கு நாய். சொன்னால் புரியவில்லை.”

“நாய்க்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஒரு வேலைக்கு ஒரு சொல்தான் அதற்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள்” என்றார் டாக்டரம்மா.

அன்று இரவு வீட்டில் கூட்டம் போட்டார்கள். எந்தச் சொல்லை வைப்பது?

“இரி என்று வைப்போம். எங்கள் நாகர்கோவில் பக்கம் தமிழிலும் இரி என்பார்கள். மலையாளத்திலும் அதுதான்” என்றார் அம்மா.

“வா என்பதும் இரண்டிலும் ஒன்றுதான்” என்றாள் மகள்.

“செய்யாதே என்பதற்கு வேண்டாம்” என்றார் அப்பா.

மூன்று சொல் முடிவாயிற்று. மகன் இப்படிப் பழக்கினான்:

சிறிய மீன் துண்டு ஒன்றை விரலில் பிடித்தான். மணியின் மூக்குக்கு அருகில் காட்டினான். கையை மெல்ல அதன் தலைக்கு மேலே கொண்டு போனான். மணி தலையைத் தூக்கியது. தலை மேலே போக, பின்பக்கம் தானாகத் தரையில் அமர்ந்தது. அந்த நொடியே “இரி” என்றான். மீனைக் கொடுத்தான். தடவிக் கொடுத்தான்.

காலையில் ஐந்து நிமிடம். மாலையில் ஐந்து நிமிடம். அதற்கு மேல் செய்தால் குட்டி சலித்துவிடும். ஒரு வாரத்தில் கை அசையாமலே சொல்லுக்கு மணி அமர்ந்தது.

நல்லது செய்தால் உடனே பாராட்ட வேண்டும். சற்று நேரம் கழித்துப் பாராட்டினால் எதற்கென்று நாய்க்குத் தெரியாது. அடிக்கும் அதே கணக்குத்தான். எப்போதோ கடித்த செருப்புக்கு இப்போது அடித்தால் நாய்க்கு ஒன்றும் புரியாது. அடிக்கும் கையைக் கண்டு பயப்படத்தான் கற்கும். பயந்த நாய்தான் கடிக்கும்.

அப்படியானால் செருப்புக்கு என்ன செய்வது? குட்டிக்குப் பல் முளைக்கும்போது ஈறு அரிக்கும். ஏதாவது கடிக்க வேண்டும். அப்பா ஒரு பழைய கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். மணி செருப்பை எடுத்தால் மகன் இழுப்பதில்லை. “வேண்டாம்” என்பான். கயிற்றை நீட்டுவான். செருப்பை விட்டதும் “நல்ல பிள்ளை” என்பான். செருப்புகளையும் உயரத்தில் வைத்தார்கள்.

வெளிக்குப் போகவும் இப்படியே பழக்கினார்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் குட்டிக்கு வெளிக்கு வரும். அந்த நேரங்களில் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே போனால் பாராட்டினார்கள். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டவில்லை. துடைத்துவிட்டார்கள். மகன் கையில் எப்போதும் பழைய செய்தித்தாள் இருக்கும். சந்தில் மணி அசுத்தம் செய்தால் அள்ளி எடுத்துவிடுவான். பிறர் நடக்கும் வழி அல்லவா?

ஆச்சியின் புகார்

ஒரு நாள் ஆச்சி கோபமாக வந்தார்.

“ஏம்மா, உங்கள் நாய் இராத்திரி முழுக்க ஊளையிடுகிறது. எனக்குக் கண்ணை மூட முடியவில்லை. நாயை வைத்துக்கொள்கிறீர்களா, இல்லை நான் வேறு வீடு பார்க்கட்டுமா?”

மணியைப் பின்புறம் சிறிய சங்கிலியில் கட்டியிருந்தார்கள். தாயைப் பிரிந்த குட்டி. இருட்டு. தனிமை. அதனால் அழுதது.

அன்று முதல் மணிக்கு வீட்டுக்குள் கதவு ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். ஓர் அட்டைப் பெட்டி. அதில் பழைய சேலைத் துணி. படுக்கும் முன்பு மகன் அதைச் சிறிது தூரம் நடத்திக் கூட்டி வருவான். மூன்றாம் நாள் முதல் ஊளைச் சத்தம் இல்லை.

பகலிலும் எந்நேரமும் கட்டிப்போடவில்லை. எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்குச் சினம் ஏறும். போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது சட்டப்படியும் குற்றம். வேண்டாம் என்று நாயைத் தெருவில் விடுவதும் குற்றம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

புரட்டாசி வந்தது. நவராத்திரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து தெய்வத் திருமேனிகள் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு வருவது பழைய வழக்கம். அவற்றில் வேளிமலை முருகன் ஆரியசாலைக் கோயிலில்தான் தங்குவார். தெருவெங்கும் கூட்டம். மேள ஒலி.

முதல் மேளச் சத்தத்தில் மணி கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. மகன் அதை இழுக்கவில்லை. கதவைச் சாத்தினான். ஜன்னலை மூடினான். பக்கத்தில் அமர்ந்து மெல்லப் பேசினான். நாயின் காது நம் காதைவிடக் கூர்மையானது. வெடிச் சத்தத்தில் பயந்து ஓடும் நாய் வழி தவறிப் போகும். ஆகவே திருவிழா நாளில் நாயை வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

ஆச்சி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம், நம்மைப் போலத்தான் அதற்கும் பயம்” என்றார். மறுநாள் அவர் கையில் ஒரு துண்டு இட்லி இருந்தது.

“இரி” என்றார் ஆச்சி. மணி அமர்ந்தது.

அடுத்த ஆண்டு

ஓர் ஆண்டு ஓடிவிட்டது. மணி வளர்ந்துவிட்டது. குட்டி பெருகாமல் இருக்க டாக்டரம்மா கருத்தடை அறுவையும் செய்துவிட்டார். வேண்டாத குட்டிகள்தானே கடைசியில் தெருவுக்கு வருகின்றன?

ஒரு நாள் காலை. அப்பா வேலைக்குப் புறப்பட்டார். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டார்கள். அம்மா நாள்காட்டியில் தாளைக் கிழித்தார். பின்னால் இருந்த அட்டையை எடுத்தார். மெல்லப் படித்தார்.

“வெறி... நோய்... ஊசி. அடுத்த நாள்...”

எண்களைப் பார்த்தார். நாள்காட்டியைப் பார்த்தார்.

“என்னங்க, இன்றைக்குத்தான் மணிக்கு ஊசி. நீங்கள் வேலைக்குப் போங்கள். நானே கூட்டிப் போகிறேன்” என்றார்.

மணியின் கழுத்தில் கயிற்றை மாட்டினார். அட்டையைக் கையில் எடுத்தார். சந்து முனையில் யாரோ ஒரு சிறுமி அழுதுகொண்டு நின்றாள். ஒரு பூனை அவள் கையில் பிறாண்டியிருந்தது. ஆச்சி அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

“அழாதே மக்ளே. மிளகாய்ப் பொடியெல்லாம் வேண்டாம். சோப்பு எங்கே? முதலில் கழுவு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார் ஆச்சி.

தெரிந்து கொள்வோம்

1885-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை வெறிநாய் கடித்தது. அவனை லூயி பாஸ்டர் என்ற அறிவியல் அறிஞரிடம் கொண்டு வந்தார்கள். தாம் கண்டுபிடித்த தடுப்பு மருந்தைப் பாஸ்டர் அவனுக்குக் கொடுக்கச் செய்தார். சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அது 1907-இல் தொடங்கியது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளை உலக வெறிநோய் தடுப்பு நாளாகக் கொண்டாடுகிறோம்.

குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்

தின்னும் நாயைத் தொடாதே.
தூங்கும் நாயை எழுப்பாதே.
குட்டி போட்ட நாயிடம் போகாதே.
வாலை இழுக்காதே. கல் எறியாதே.
தெருநாய் துரத்தினால் ஓடாதே. மரம் போல் அசையாமல் நில். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே.
நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ அடி விழும் என்று மறைக்காதே. உடனே வீட்டில் சொல்.

சிந்திப்போம்

1. நாய் வளர்க்கும் முன்பு அப்பா என்ன கேள்விகள் கேட்டார்?
2. கடிவாயில் மிளகாய்ப் பொடி வைத்தால் என்ன கெடுதல்?
3. சோப்பு எப்படிக் கிருமியை அழிக்கிறது?
4. சொன்ன சொல் மணிக்கு முதலில் ஏன் புரியவில்லை?
5. மணி ஏன் இரவில் ஊளையிட்டது? அதை எப்படி நிறுத்தினார்கள்?

நிரப்புங்கள்

1. கடிவாயை ஓடும் தண்ணீரில் ______ நிமிடம் கழுவ வேண்டும்.
2. மகனுக்கு முதல் ஊசிக்குப் பிறகு 3, ______, 28 ஆகிய நாள்களில் ஊசி போட்டார்கள்.
3. நாய்க்கு வெறிநோய் ஊசி ஆண்டுக்கு ______ முறை.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறதா? ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். மருந்தின் பெயர், போட்ட நாள், அடுத்த நாள் என்று எழுதுங்கள். நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுத்த நாள் எது என்று தெரியாவிட்டால் இந்த வாரமே கால்நடை மருத்துவமனைக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள்.